டீஃபால்ட்டாக எந்தப் பைத்தான்?

"எந்தப் பைத்தானை இன்ஸ்டால் பண்ணணும் சார்?" என்று முதலாண்டு மாணவர் கேட்டால், "இருப்பதிலேயே புதுசைப் போடு" என்ற பதில்தான் எங்கும் கிடைக்கிறது. பல வருடங்களாகப் பைத்தான் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதில் உடன்பாடில்லை. புதுப் பதிப்பை ஓரமாகப் போட்டுப் பழகிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். தினசரி வேலைக்கு அதையே டீஃபால்ட் ஆக்குவது வேறு விஷயம்.

புதியதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. 2022 அக்டோபரில் வந்த 3.11-க்கு 2027 அக்டோபர் வரை உண்டு. ஓட்டையை அடைக்க அதே 3.11-இன் அடுத்த திருத்தத்தைப் போட்டால் போதும்.

வேகம்? 3.10-ஐவிட 3.11 சராசரியாக 25 சதவீதம் வேகமானது என்று பைத்தான் குழுவே அளந்து சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் 'நம்பை' போன்ற லைப்ரரிகளில் பாரமான கணக்கெல்லாம் சி மொழியில் ஓடுகிறது. அங்கே இந்த வேகம் கண்ணுக்கே தெரியாது.

லைப்ரரிகள் தாமாக ஒத்துவந்துவிடும் என்பதுதான் மாணவர்களை அதிகம் அலைக்கழிக்கும் நம்பிக்கை. சி மொழிப் பகுதி கொண்ட லைப்ரரிகளை ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் பெரும்பாலும் தனித்தனியாகக் கட்டித்தான் 'வீல்' கோப்பாக வெளியிடுகிறார்கள். உங்கள் பதிப்புக்கு வீல் இன்னும் வரவில்லை என்றால், லைப்ரரிகளை நிறுவித் தரும் 'பிப்' மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். புதிதாக வாங்கிய விண்டோஸ் லேப்டாப்பில் சி கம்பைலர் ஏது? திரை நிறையச் சிவப்பு எழுத்துதான். பையனோ தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். எனக்கு இதில் பொறுக்க முடியாதது அதுதான். வீல் மட்டுமல்ல, மொழியில் வரும் மாற்றமே லைப்ரரிகளை உடைப்பதும் உண்டு. 2018-இல் 3.7 வந்தபோது 'ஏசிங்க்' மொழியின் சொந்தச் சொல்லாகிவிட, அந்தப் பெயரை மாறிக்கும் கோப்புக்கும் வைத்திருந்த லைப்ரரிகள் உடைந்தன. 2023-இல் 3.12, அதுவரை பைத்தானோடு வந்த 'டிஸ்ட்யூட்டில்ஸ்' மாட்யூலையே தூக்கியது. அதை நம்பியிருந்த பழைய செட்டப் கோப்புகள் அப்படியே நின்றன.

அப்படியானால் பழசையே கட்டிக்கொண்டு அழுவதா என்று கேட்பார்கள். இல்லை. 2008-இல் மூன்றாம் பைத்தான் வந்த பிறகும் 2020 வரை இரண்டை இழுத்துக்கொண்டிருந்த காலம் திரும்பவே வேண்டாம். கடைசிப் பதிப்புக்கு ஒன்று முந்தையதைப் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஓராண்டு அடிபட்டுத் தேறியிருக்கும், வீல்களும் வந்திருக்கும்.

லினக்ஸ்காரர்களுக்கு இன்னொன்று. சிஸ்டத்தோடு வரும் பைத்தானை மாற்றினால் ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. உபுண்டு 20.04 வைத்திருந்த மாணவர் ஒருவர் 'பைத்தான்3' இணைப்பை 3.8-இலிருந்து 3.10-க்குத் திருப்பிவிட்டார். மறுநாள் காலை, "சார், டெர்மினலே திறக்க மாட்டேங்குது" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த உபுண்டுவில் டெர்மினலைத் திறப்பதே ஒரு சின்னப் பைத்தான் நிரல்தான். அது கேட்கும் மாட்யூல் 3.8-க்காகக் கட்டப்பட்டது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய், இணைப்பைப் பழையபடி 3.8-க்கே திருப்பினோம். அவருக்கு வேண்டியிருந்த 3.10-ஐ அவருடைய ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு வென்வ் (தனிச் சூழல்) போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை.