டிவி கேம் பாட்டுக்கு மேடை கிடையாதாம்!

மார்ச் கணக்கை முடிச்சு இப்பதான் மூச்சு விடுறேன். சாவகாசமா ஏதாவது நல்ல விஷயம் எழுதலாம்னு உட்கார்ந்தா வயித்தெரிச்சல்தான் வருது. எழுதித் தொலைச்சிடறேன்.

முன்குறிப்பு: நான் பி.காம். சங்கீதத்துல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காதால தெரிஞ்சதுதான். வித்வான்கள் யாராவது படிச்சா திருத்துங்க, திட்டாதீங்க :-)

கொல்கத்தாவுல நம்ம ஆளுங்க சேர்ந்து வருஷா வருஷம் சித்திரை விழா நடத்துவாங்க. (எந்த அமைப்புன்னு கேக்காதீங்க. நாளைக்கு அவங்க மூஞ்சியில முழிக்கணும்.) என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஆறு வருஷமா பியானோ கத்துக்கறா. இந்தத் தடவை தனியா ஒரு ஐட்டம் கொடுக்கறேன்னு அவளே வந்து சொன்னா. "சூப்பர் மேரியோ, ஜாஸ் பியானோ, 4 நிமிஷம்"னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தா. நான் அதைக் கமிட்டிக் கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போனேன்.

கமிட்டியில ஒரு பெரியவர். ரொம்ப நல்ல மனுஷன், பல வருஷமா விழாவையே தோள்ல சுமக்கிறவர். கண்ணாடியை ஏத்தி விட்டுப் படிச்சார். சிரிச்சார். "தம்பி, இது அந்த டிவி கேம்ல வர்ற டொய்ங் டொய்ங் சத்தம்தானே? தமிழ்ப் புத்தாண்டு மேடையில இதையா வாசிக்கிறது? பாப்பாவை நல்ல சினிமாப் பாட்டா ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டா. "என்னப்பா சொன்னாங்க?"

"வேற பாட்டு வாசிக்கச் சொல்றாங்க கண்ணு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தண்ணி குடிக்கப் போயிட்டேன். அன்னையில இருந்து பியானோ மூடி திறக்கலை. பதினோரு நாள் ஆச்சு. மூடி மேல சயின்ஸ் புத்தகமும் ஜியாமெட்ரி பாக்ஸும் அடுக்கி வச்சிருக்கா. கமிட்டியில சொல்லாம முழுங்கினதை இங்கயாவது சொல்லித் தொலைக்கிறேன்.

அந்த நிகழ்ச்சி நிரல்ல வேற என்னல்லாம் இருக்குன்னு பாருங்க. மூணு குரூப் டான்ஸ், மூணுமே பென் டிரைவ்ல ஓடுற பாட்டுக்கு. ரெண்டு கரோக்கி. அதுக்கெல்லாம் ஆட்சேபணை இல்லை. பெட்டியில ஓடுற பாட்டுக்கு வாயசைக்கலாம். ஒரு பொண்ணு பத்து விரலால நாலு நிமிஷம் வாசிச்சா மட்டும் மேடைக்கு மரியாதைக் குறைச்சலா?

"டொய்ங் டொய்ங்"னு சொன்னாரே, அதுக்கு வர்றேன். சூப்பர் மேரியோ வந்தது 1985ல. கியோட்டோவுல இருக்கிற நின்டெண்டோ கம்பெனியில முந்தின வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த கோஜி கோண்டோன்னு ஒரு இளைஞர்தான் மெட்டுப் போட்டவர். அவர் கையில ஆர்க்கெஸ்ட்ராவா இருந்துச்சு? மெட்டுக்கு ரெண்டு குரல், அடிநாதத்துக்கு ஒரு குரல், தாளத்துக்குப் பதிலா "உஸ்ஸ்"னு ஒரு இரைச்சல். அந்தச் சில்லுல அவருக்குக் கிடைச்சது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுலயும் மேரியோ குதிச்சா, காசு எடுத்தா, அந்தச் சத்தத்துக்காக ஒரு குரல் பாட்டை விட்டுட்டு ஓடணும். நாலு கவுண்டர்ல ஒரு கிளார்க் டீ குடிக்கப் போன மாதிரி. மிச்சம் இருக்கிறவங்க சமாளிக்கணும், வரிசையில நிக்கிற கஸ்டமருக்குத் தெரியக் கூடாது. மொத்த கேமும் 40 கிலோபைட். அதுல படம், ஆட்டம், பாட்டு எல்லாம் அடக்கம். நம்ம பிராஞ்ச்ல அனுப்புற ஒரு சர்க்குலரே அதைவிடப் பெரிசா இருக்கும்.

அந்த இடத்துக்குள்ள மனுஷன் என்ன பண்ணினார்னா, லத்தீன் தாளத்துல துள்ளுற ஒரு மெட்டைப் போட்டார். தண்ணிக்கடியில நீந்துற கட்டத்துக்கு மூணு மூணா எண்ணுற வால்ட்ஸ். பூமிக்கடியில போனா பம்மிப் பம்மி வர்ற பேஸ். நேரம் 100க்குக் கீழே இறங்கினா அதே பாட்டு வேகமெடுக்கும், கை தானா வேர்க்கும். எத்தனை தடவை திரும்பத் திரும்பக் கேட்டாலும் எரிச்சல் வராத மெட்டா வேற இருக்கணும். முயற்சி பண்ணிப் பாருங்க, எவ்வளவு கஷ்டம்னு தெரியும். 2023ல அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் காப்பாத்த வேண்டிய ஒலிப்பதிவுகளோட பட்டியல்ல இதைச் சேர்த்துச்சு. வீடியோ கேம் இசையில அந்தப் பட்டியலுக்குள்ள போன முதல் பாட்டு இதுதான்.

சரி, ஜாஸா வாசிக்கிறதுன்னா என்ன? அந்தக் கூட்டத்துல இதைக் கேட்டிருந்தா நான் முழிச்சிருப்பேன். வீட்டுல உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் புரிஞ்சதைச் சொல்றேன். மெட்டு அப்படியே இருக்கும், ஆனா நேரா வராது. கொஞ்சம் தாமதிச்சு, கொஞ்சம் சாய்ஞ்சு நடக்கும். மூணு சுரம் வச்ச இடத்துல நாலு, அஞ்சு வைப்பாங்க. சாதாரண சாம்பார்ல திடீர்னு வெந்தய வாசனை வர்ற மாதிரி ஒரு லேசான கசப்பு. தனி பியானோவுல டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. இடது கை கீழே போய் ஒரு பேஸ் சுரத்தைத் தொட்டுட்டு, அடுத்த அடிக்குள்ள மேலே தாவி ஒரு கார்டு அடிக்கணும். நாலு நிமிஷமும் அந்த இடது கை ஓடிக்கிட்டே இருக்கும். வலது கை அதைக் கண்டுக்காத மாதிரி பாடணும். நடுவுல மெட்டை விட்டு வெளியே போய்ச் சுத்திட்டு வரணும். நம்ம நிரவல் கேட்டுப் பழகின காதுக்கு அது ஒண்ணும் அந்நியம் இல்லை.

"விளையாட்டுச் சாமான் பாட்டை ஜாஸா வாசிப்பாங்களா"ன்னு கேக்கிறவங்களுக்கு: ஜாஸ்காரங்க எப்பவும் இதைத்தான் பண்ணியிருக்காங்க. 1937ல வந்த 'ஸ்னோ ஒயிட்' கார்ட்டூன் படத்துல இளவரசனுக்காகக் காத்திருக்கிற ஒரு குழந்தைப் பாட்டு. டேவ் புரூபெக் 1957ல டிஸ்னி பாட்டுகளுக்குன்னே ஒரு ஆல்பம் போட்டார். மைல்ஸ் டேவிஸ் 1961ல அந்த இளவரசன் பாட்டோட பேரையே ஆல்பத்துக்கு வச்சார். இன்னைக்கு அது ஜாஸ் கத்துக்கிற பசங்க பாடம் மாதிரி வாசிக்கிற பாட்டு. கார்ட்டூனுக்கு ஒரு நியாயம், கேமுக்கு ஒரு நியாயமா? 2022ல கிராமி கமிட்டி அப்படி நினைக்கலை. எய்ட் பிட் பிக் பேண்டுங்கிற குழுவோட கேம் பாட்டு அரேஞ்ச்மெண்டுக்கு விருது கொடுத்தாங்க. 2021ல டோக்கியோ ஒலிம்பிக் திறப்பு விழாவுல உலகத்து வீரர்கள் எல்லாம் கொடி பிடிச்சு நடந்து வந்ததே கேம் பாட்டுகளுக்குத்தான்.

"நம்ம பண்பாடு"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சார். முத்துசுவாமி தீட்சிதரைவிட நம்ம பண்பாடு யாருங்க? அவர் ஆங்கிலேயர்களோட பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அதுக்கு சமஸ்கிருதத்துல சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம்னு இன்னைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லித் தர்றாங்க. அதுல ஒண்ணு இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துற கீதத்தோட மெட்டு! அவர் "இது பட்டாளத்துக்காரன் சத்தம்"னு காதைப் பொத்திக்கலை.

அந்தப் பெரியவர் சொன்ன "நல்ல சினிமாப் பாட்டு" கதையும் இருக்கு. 1952ல மத்திய மந்திரி பி.வி. கேஸ்கர் காலத்துல, தரம் இல்லைன்னு சினிமாப் பாட்டையே ஆல் இந்தியா ரேடியோவை விட்டு ஓரங்கட்டினாங்க. ஜனங்க பேசாம ரேடியோ சிலோனுக்கு முள்ளைத் திருப்பினாங்க. 1957ல விவித் பாரதி ஆரம்பிச்சு அதே பாட்டைப் போட வேண்டியதாச்சு.

எங்க ஊருக்கே வர்றேன். டெடி வெதர்ஃபோர்டுன்னு ஒரு அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் பியானோக்காரர், சவுரங்கியில இருக்கிற கிராண்ட் ஓட்டல்ல வாசிச்சவர். 1945ல இதே கல்கத்தாவுல காலராவுல போய்ச் சேர்ந்தார். கிராண்ட் ஓட்டல் தாழ்வாரத்துல பேரம் பேசி பெல்ட்டு வாங்கிட்டு வர்றோமே, அதே இடம்தான்.

எதிர்த்தரப்புலயும் நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. இந்த கேம் பாட்டு வாசிப்புல கழிவு நிறைய. கண்ணைக் கட்டிக்கிட்டு வேகமா அடிச்சுக் காட்டுறது, நல்ல மெட்டு மேல தேவையில்லாத சுரமா கொட்டி மூழ்கடிக்கிறது, எல்லாம் கேட்டு நொந்திருக்கேன். பசங்க கேம்லயே கிடந்து கெட்டுப் போறாங்கன்னு ஒரு அம்மா கவலைப்பட்டாங்க. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனா என் பொண்ணு மேரியோ ஆடினதே இல்லைங்க. டீச்சர் கொடுத்த நோட்டைப் பார்த்துத்தான் அவளுக்கு மெட்டே தெரியும்.

ஆடினது நான்தான். கரூர்ல தொண்ணூறுகள்ல, வாடகை சைக்கிள் மாதிரி மணிக்கணக்குல காசு கொடுத்து டிவி கேம் ஆடுற ஒரு சின்ன ரூம். மஞ்சக் கலர் கேசட். அப்பா கொடுத்த கடலை எண்ணெய்க் காசுல மிச்சம் பிடிச்சு ஆடி, மாட்டி, முதுகு வீங்கியிருக்கேன். போன மாசம் ஒரு நாள் ஆபீஸ்ல இருந்து லேட்டா வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். உள்ளே அந்தப் பாட்டை அவ ரொம்ப மெதுவா வாசிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா. துள்ளல் எதுவும் இல்லாம, ஒரு ஒரு கார்டா நிறுத்தி. முதல்ல எனக்கு அடையாளமே தெரியலை. தெரிஞ்சப்ப வாசல்லயே உட்கார்ந்துட்டேன். "என்னங்க, உடம்பு சரியில்லையா"ன்னு வீட்டம்மா ஓடி வந்தாங்க.

இதைக் கேட்டவன்தான் கமிட்டியில சிரிச்சது.

நிகழ்ச்சி நிரல் இன்னும் அச்சுக்குப் போகலை. வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டம். பெரியவர் கிட்ட முதல் நாளே போன்ல பேசிடுவேன், எல்லார் முன்னாடியும் அவரை மடக்கிறதுல எனக்கு இஷ்டம் இல்லை. அப்புறம் கூட்டத்துல என் கையாலேயே எழுதிக் கொடுக்கப் போறேன்: சூப்பர் மேரியோ, ஜாஸ் பியானோ, 4 நிமிஷம்.

பியானோ மேல இருந்த புத்தகத்தையெல்லாம் நேத்து ராத்திரி எடுத்து ஷெல்ஃப்ல வச்சேன். காலையில பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம ஸ்கூலுக்குப் போனா. திரும்ப அடுக்கலை.