அடைபட்ட மலைப் பாதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பெருமழையில் பாறை சரிந்து ஒரு வளைவை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? வண்டிகள் தேங்கி நிற்கும்; அவசரக்காரர்கள் கண்ட ஒற்றையடிப் பாதையிலும் இறங்குவார்கள். சேர்வராயன் மலையில் நேரும் இந்தச் சங்கடமே ஈரல் நோயாளியின் வயிற்றுக்குள்ளும் நேருகிறது.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தை ஈரலுக்குக் கொண்டு செல்வது போர்ட்டல் நாளம். மதுவாலோ, காமாலைக் கிருமிகளாலோ, நீரிழிவோடு சேர்ந்த கொழுப்பினாலோ ஈரல் தழும்பேறி இறுகினால் அந்த ஓட்டம் மந்தமாகிறது. மந்தமான இடத்தில் இரத்தம் உறைந்து வழியை மறிக்கிறது. தேங்கிய இரத்தம் உணவுக் குழாயின் மெல்லிய நாளங்களில் பாய்ந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. அவை வெடித்தால் உயிருக்கே அபாயம்.

“இரத்தம் கக்கக்கூடிய நோயாளிக்கு, இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுப்பதா?” என்று நேயர்கள் திகைக்கலாம். வைத்தியர்களும் நெடுங்காலம் அவ்வாறே அஞ்சினர். ஆனால், இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைப் போலவே உறைதலைத் தடுக்கும் பொருள்களையும் ஈரல்தான் உண்டாக்குகிறது. அது கெட்டால் தராசின் இரு தட்டுகளிலும் எடை குறைகிறது என்பது பின்னர் விளங்கிற்று. இத்தாலியில் 70 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்கும் 48 வாரச் சிகிச்சைக் காலத்தில் நாளம் அடைபடவில்லை. இரத்தப் பெருக்கும் அதிகமாகவில்லை.

ஆகவே இன்றைய முறை இது. முதலில் எண்டாஸ்கோப் கருவியால் உணவுக் குழாயைப் பார்த்து, புடைத்த நாளங்களுக்கு ரப்பர் வளையமிடுகிறார்கள், அல்லது மாத்திரை தருகிறார்கள். சிறு கட்டி தானே கரைவதுமுண்டு. அதை ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம். புதிதாய்த் தோன்றிப் பெருநாளத்தைப் பாதிக்குமேல் அடைத்த கட்டிக்கு, பெரும்பாலும் ஆறு மாதமேனும் உறைவு தடுக்கும் மருந்து வேண்டும். அது பலிக்காவிடில், சிலருக்கு ஈரலின் ஊடே உலோகக் குழாய் செலுத்தி வழி அமைப்பதுண்டு. டாக்டரின் மேற்பார்வையின்றி இம்மருந்தைத் தொடலாகாது.

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலில் அமல் செய்தது இந்தச் சேலம் ஜில்லாவில்தான். ஈரல் நோயாளிக்குக் குடியை விடுவது இன்றும் முதல் மருந்து. ஆயினும், “குடித்தவன்தானே, அனுபவிக்கட்டும்” என்று அவனை வீட்டில் கிடத்தி வைப்பது தர்மமாகாது. காப்பித் தோட்டத்துக் கூலியாளாயினும் முதலாளியாயினும், இரத்த வாந்தியோ கரிய மலமோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல், அந்த 20 வளைவுகளையும் அன்றிரவே இறங்கி ஆஸ்பத்திரி சேர்வதே உயிர் காக்கும் வழி.