உயிரை முதலில் காப்போம்
2023 டிசெம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்னும் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையிற் பல்லாயிரவர் கைதாகியும் ஹெரோயின் நம் மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களை விட்டபாடில்லை. ஆதலால், 2025 ஒக்டோபர் 30 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆரம்பித்து வைத்த 'முழு நாடுமே ஒன்றாக' என்னும் போதைப்பொருள் ஒழிப்புத் தேசிய செயற்றிட்டம், கைதுகளோடு நில்லாது பிராண ரட்சணத்தையும் தன் பிரதான கடமையாகக் கொள்ளல் வேண்டும்.

அளவு மிஞ்சிய ஹெரோயின் மூளையின் சுவாச கேந்திரத்தை அடக்கி மூச்சை நிறுத்துகையில், அவ்விஷத்தின் பிடியை அகற்றி மூச்சை மீட்கவல்ல நலோக்சோன் என்னும் மாற்று மருந்து சில நிமிஷங்களுக்குள் ஏற்றப்பட்டாலன்றிப் பயனில்லை. வவுணதீவிலோ கொக்கட்டிச்சோலையிலோ வீழ்ந்து கிடக்கும் பிள்ளைக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை வாவியின் அக்கரையிலன்றோ இருக்கிறது! வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையின் பிரதேச வைத்தியசாலைகளிலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்களிலும் அம்மருந்து சதா சித்தமாயிருத்தல் அவசியம். உதவிக்கு அழைக்கும் தோழன் பொலீஸுக்கு அஞ்சி ஓடாதிருக்க, அவனுக்குச் சட்டம் அபயமளிக்க வேண்டும்.