கூண்டு ஏற்றினால் போதுமா?

"கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" - ஏடுகளிலே இந்த வரியைக் காணும்போது, விருத்தாசலத்துப் பீங்கான் சூளைத் தோழர்கள், "நாமா கட்டுமரம் ஏறுகிறோம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். புரட்டாதீர், தோழர்களே! 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிய தானே புயல், கடற்கரையோடு நின்றுவிடவில்லை. நம் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுத்தான் போயிற்று.

கூண்டின் மொழி கடினமன்று. 1, 2 என்றால் புயல் தொலைவிலே. 3, 4 என்றால் சூறைக்காற்றோ புயலோ துறைமுகத்தையே மிரட்டுகிறது. 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பேராபத்து. 11 என்றால், வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்தது என்று பொருள். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால் புயல். அலை 3 மீட்டர் என்று அறிவித்தால், அதற்குமேல் எழாது என்று எண்ணலாகாது. உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியே அது. அதைப்போல் இருமடங்கு அலையும் இடையிலே எழக்கூடும். படகைக் கவிழ்க்க அந்த ஓர் அலை போதும்!

சூளைத் தோழர்கள் அறிவார்கள்: வெப்பத்தை அளந்து தீயை ஏற்றினால்தான் பாண்டம் பிழைக்கும். கடலும் அப்படித்தான், அளவறிந்தவன் பிழைக்கிறான்.

ஆனால், அறிவிப்பைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா? ஒக்கி புயலை எண்ணிப் பாருங்கள். 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம், மறுநாளே புயல். குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர் பலர், அதற்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டவர்கள். "கடலுக்குச் செல்லாதீர்" என்ற அறிவிப்பு, கடலிலேயே இருப்பவனுக்கு என்ன பயன் தரும்? கைப்பேசியோ கரையைவிட்டுச் சில கல் தாண்டினால் ஊமை! தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவேயில்லை. விதி என்று சொல்லிக் கைகழுவ நாம் ஆயத்தமாக இல்லை. செய்தி போய்ச் சேரவில்லை, அதுதான் உண்மை.

2019இல், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் ஜெமினி கருவி வந்தது. அது கேட்கும், பேசாது. 2024 ஆகஸ்டில், ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்திக் கருவி தரும் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. வரவேற்கிறோம். அதே மூச்சில் கேட்கிறோம்: கடைசிப் படகுக்கும் அது என்று வந்து சேரும்? அதிலே வரும் செய்தி, மீனவன் பேசும் தமிழிலே இருக்குமா?

இன்னொன்றும் கேட்கிறோம். எச்சரிக்கையை மதித்து வலையைச் சுருட்டியவன் வீட்டிலே அன்று அடுப்பு எரியுமா? மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களுக்கு நிவாரணம் உண்டு. அந்த நீதி எச்சரிக்கை நாட்களுக்கும் நீளட்டும். பசித்த வயிறு கூண்டின் எண்ணைப் பார்ப்பதில்லை!

கூண்டு ஏற்றுவது துறைமுகத்தின் கடமை. அதன் செய்தியைக் கடலில் இருப்பவன் காதிலே சேர்ப்பது ஆட்சியின் கடமை. சேர்ந்ததா என்று கேட்பது நம் கடமை. கேட்போம், தோழர்களே!