பாலைவனத்தில் ஒரு நீச்சல் குளம்

குடும்பத்தோடு பாலைவனம் பார்க்கப் போவது நம் நடுத்தர வர்க்கத்துக்கு இப்போது பழகிப்போன சங்கதியாகிவிட்டது. ஊட்டியும் கொடைக்கானலும் அலுத்துவிட்டன. குழந்தைகளுக்கு ஒட்டகம் காட்ட வேண்டும்; மணல் மேட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே, ஜெய்சல்மேர். இந்த ஆசையில் குற்றம் ஏதும் இல்லை. தார்ப் பாலைவனமும் நம் தேசம்தான். அதைப் பார்க்க நமக்கு உரிமையும் உண்டு, காரணமும் உண்டு. போவதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. போவதற்கு முன்னால் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு திட்டம் போடுகிறோமே, அதோடுதான் என் சண்டை.

அந்தத் திட்டத்தைச் சற்றுக் கவனியுங்கள். முதல் கேள்வி: அறையில் ஏ.ஸி. உண்டா? இரண்டாவது: இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் வருமா? மூன்றாவது: இட்லி, சாம்பார் கிடைக்குமா? நான்காவது, குழந்தைகள் கேட்பது: நீச்சல் குளம் இருக்கிறதா? நாலுக்கும் 'உண்டு' என்று பதில் வந்த பிறகுதான் முன்பணம் கட்டுகிறோம். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊருக்குப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகளா இவை? வீட்டில் உள்ளதெல்லாம் அங்கேயும் இருக்க வேண்டும். உபரியாக ஓர் ஒட்டகம் வேண்டும், அவ்வளவுதான். இதற்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் எதற்கு? மெரீனாவில் மணலும் இருக்கிறது, குதிரையும் இருக்கிறது.

கேட்கிறவன் இருந்தால் கொடுக்கிறவன் வருவான். ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸம் என்ற இடத்தில் மணல் மேடுகள் இருக்கின்றன. அங்கே கூடாரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெயர்தான் கூடாரம், உள்ளே கட்டில், மெத்தை, ஏ.ஸி., ஷவர். சிலவற்றில் நீச்சல் குளமும் உண்டு. சாயங்காலம் ஒட்டகச் சவாரி. ராத்திரி ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. பாலைவனத்துக்கு இரண்டு பெரிய சொத்துக்கள் உண்டு. ஒன்று நிசப்தம். மற்றது நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் வானம். முன்னதை ஒலிபெருக்கி விழுங்குகிறது. பின்னதை விளக்கு வரிசை விழுங்குகிறது. பக்கத்திலேயே பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. உலகத்தில் நூற்றைம்பதுக்கு மேல் மிஞ்சியிராது என்று சொல்லப்படும் கானமயில் என்ற பறவைக்கு அதுதான் முக்கியமான புகலிடம். அதன் வாசலில்தான் நாம் கூத்தடிக்கிறோம்.

இதைவிடப் பெரிய கதை ஜெய்சல்மேர்க் கோட்டையின் கதை. 1156-ல் ராவல் ஜெய்சல் என்ற பாட்டி ராஜபுத்திர அரசர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. மஞ்சள் கல்லில் எழும்பி, மாலை வெயிலில் பொன்னாகவே தோன்றும். 1974-ல் சத்யஜித் ராய் 'சோனார் கேல்லா' என்று, அதாவது 'பொற்கோட்டை' என்று, ஒரு படம் எடுத்த பிறகு வங்காளிகள் கூட்டம் கூட்டமாக அதைப் பார்க்கப் போனார்கள். அதற்குள் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். வீடும் கோயிலும் கடையும் உள்ள உயிருள்ள கோட்டை. பல நூற்றாண்டுகள் அந்த ஜனங்கள் கீழேயிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து மேலே ஏறினார்கள். தலையில் சுமந்து ஏறிய தண்ணீரை யாரும் வாளி வாளியாகக் கொட்டிக் குளிக்க மாட்டார்கள்.

பிறகு குழாய் வந்தது. குழாயின் பின்னால் விருந்தினர் விடுதிகள் வந்தன. அறைக்கு ஒரு குளியலறை வந்தது. மேலே ஏறிய தண்ணீர் கீழே இறங்குவதற்கு மட்டும் சரியான வழி வரவில்லை. பழைய சாக்கடைகள் கசிந்தன. மழையும் சேர்ந்துகொண்டது. குன்று உள்ளுக்குள் ஊறியது, கொத்தளங்கள் சரிந்தன, வீடுகள் இடிந்தன. 1996-ல் உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற ஸ்தாபனம் ஆபத்தில் இருக்கும் இடங்களின் ஜாபிதாவில் இந்தக் கோட்டையைச் சேர்த்தது. பின்னால் வடிகால்களைச் செப்பனிடும் வேலைகள் நடந்தன. 2013-ல் ராஜஸ்தானத்தின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளோடு இதுவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். முற்றுகைகளைத் தாங்கி நின்ற குன்றைக் குளியலறைகள் அசைத்துவிட்டன. அதுவும் தண்ணீர் இல்லாத ஊரில், தண்ணீர் அதிகமாகிப் போனதால்!

அங்கே தண்ணீரே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் நாம் போக வேண்டும் என்கிறேன். நம் திட்டத்தில் இல்லாதது அது ஒன்றுதான்.

ஊரின் ஓரத்தில் கடீசர் என்ற ஏரி இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் கட்ஸி சிங் என்ற அரசர் திருத்திக் கட்டியதாகச் சொல்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டு வரையில் அந்த நகரத்தின் தாகத்தைத் தீர்த்தது அந்த ஏரியில் தேங்கிய மழைநீர்தான். இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வந்தது பிற்காலத்துச் சமாசாரம். ஊருக்கு வெளியே 'கடீன்' என்ற வயல்கள் உண்டு. பாலிவால் பிராமணர்கள் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் கண்ட உபாயம் அது. கல்லாங்குத்தான சரிவில் எப்போதோ பெய்யும் மழை ஓடி வரும் இடத்தில் நீண்ட கரை போட்டு நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். அந்த ஈரத்திலேயே குளிர்காலத்தில் கோதுமையும் கடலையும் விளைவிப்பார்கள். பாலைவனத்தில், வாய்க்கால் பாசனம் இல்லாமல், கோதுமை! எந்த மாயாஜாலக் கதையிலும் இதற்கு ஈடு கிடையாது.

இன்னொன்று கேளுங்கள். அந்த ஜனங்கள் தண்ணீரை மூன்று ஜாதியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து நேரே விழுந்து குளத்திலும் ஓடையிலும் நிற்பது 'பாலர் பானி'. ஆழத்துக் கிணற்றில் கிடைப்பது 'பாதாள் பானி'. அநேகமாய் உப்புக் கரிக்கும். இரண்டுக்கும் நடுவே, மணலுக்கும் அடியிலுள்ள சுண்ணப் படலத்துக்கும் இடையில் ஈரமாய் நின்றுவிடுவது 'ரேஜானி பானி'. அந்த ஈரம் துளித் துளியாகச் சுரந்து சேருவதற்கென்றே ஆள் ஒருவன் மாத்திரம் இறங்கக்கூடிய ஒடுங்கிய கிணறுகளை வெட்டினார்கள். ஒரு நாளைக்குச் சில குடங்கள்தான் ஊறும். அதுதான் குடிநீர். அனுபம் மிச்ரா என்ற அறிஞர் 1995-ல் ஹிந்தியில் எழுதிய ஒரு நூலில் இதையெல்லாம் பக்தியோடு விவரித்திருக்கிறார். நமக்குத் தண்ணீர் ஒரே ஜாதி. குழாயில் வருவது.

இங்கேதான் நம் வீட்டு நிலவரத்தை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னையில் சராசரியாக வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரைப்போல ஏழு மடங்குக்கு மேல். அந்தச் சென்னை 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்தது. மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் கண்டோம்; நுங்கம்பாக்கத்து ஏரியின் மேல் கோட்டம் கட்டினோம்; கடைசியில் ரயிலடியில் குடத்தோடு நிற்காத குறை. தொல்காப்பியர் நிலங்களுக்குத் தெய்வம் வகுத்தபோது பாலையைச் சேர்க்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்கம் சொல்கிறது. பாலை எங்கோ தூரதேசத்தில் இருப்பதல்ல, நாம் உண்டாக்கிக்கொள்வது. இதை அறிந்த மொழியில் பேசுகிறவர்கள், பாலையில் குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்களிடம் போய் நீச்சல் குளம் கேட்கிறோம். இதைவிட வெட்கக்கேடு வேறு வேண்டுமா?

வழிகாட்டிகளைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நாம் கேட்பதைத்தான் அவர்கள் காட்டுகிறார்கள். ஜெய்சல்மேருக்கு அருகில் குல்தாரா என்ற பாழடைந்த கிராமம் இருக்கிறது. கடீன் வயல்களைக் கண்ட அதே பாலிவால்கள் வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப் போன ஊர். கொடுமைக்கார மந்திரி ஒருவனுக்குப் பயந்து ஒரே ராத்திரியில் வெளியேறினார்கள் என்று கதை. நீர் வற்றியதும் நிலநடுக்கமும் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். நம்மவர்களுக்கு இரண்டும் வேண்டியதில்லை. அங்கே பேய் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஊர் ஏன் காலியாயிற்று என்று கேட்டால் குழந்தை யோசிக்கும். பேய் இருக்கிறது என்று சொன்னால் கூவிவிட்டு வண்டியில் ஏறிக்கொள்ளும். பின்னது சுலபம்.

சாப்பாட்டு விஷயமும் இப்படித்தான். மின்சார அடுப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய் விடுதி அறையில் ரசம் வைக்கிற குடும்பங்கள் உண்டு. வீட்டுக்காரிக்கு அங்கேயும் விடுமுறை இல்லை! அந்த ஊர் மனிதர்கள் சாப்பிடுவது என்ன? கம்பு ரொட்டி. நம் பாட்டிமார் குத்திப் புடைத்துக் கூழாக்கிய அதே கம்பு. தொட்டுக்கொள்ள 'கேர் சாங்ரி'. சாங்ரி என்பது கேஜ்ரி என்ற மரத்தின் காய். கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம்முடைய வன்னி. விருத்தாசலத்தில் தல விருட்சமாக நிற்கிற வன்னி. விஜயதசமியன்று சுவாமி அம்பு போடுகிற வன்னி. நாம் அதைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம். அவர்கள் அதன் காயைச் சமைத்து, இலையை ஆட்டுக்குப் போட்டு, நிழலில் பயிரும் செய்கிறார்கள். அந்த மரத்தை வெட்ட விடமாட்டோம் என்று 1730-ல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் அம்ருதா தேவி என்ற பிஷ்ணோய்ப் பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் கொடுத்தாள். அவளைத் தொடர்ந்து மடிந்தவர்களோடு சேர்த்து 363 பேர் என்று சொல்கிறார்கள். ஜெய்சல்மேர் போகும் குடும்பங்கள் அநேகமாய் ஜோத்பூர் வழியாகத்தான் போகின்றன. கேஜர்லியில் இறங்கிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

"உழைத்துக் களைத்தவன் நாலு நாள் ஓய்வுக்குப் போகிறான். அங்கேயும் பள்ளிக்கூடமா?" என்று ஒரு நண்பர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவருடைய திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். ஐந்து நாளில் ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், உதயப்பூர். விடியற்காலை நாலு மணிக்கு இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டும். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இதற்குப் பெயர் ஓய்வா? ஓர் ஊரில் மூன்று நாள் இருந்து, காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்து, மத்தியானம் தூங்கி, மாலையில் கோட்டைக்குள் நடப்பதல்லவா ஓய்வு? நான் சொல்வதில் ஊர்கள் குறைகின்றன, ஓய்வு கூடுகிறது. நண்பர் இதற்குப் பதில் சொல்லவில்லை.

"பிரயாணிகள் வராவிட்டால் அந்த ஏழைகள் பிழைப்பது எப்படி?" என்பது இன்னொரு வாதம். நியாயமான வாதம். ஒட்டகக்காரனுக்கும் கல்தச்சனுக்கும் பாட்டுக்காரனுக்கும் நம் பணம் வேண்டும்தான். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம்? மாங்கணியார் என்று ஒரு பாடகர் சமூகம் உண்டு. அவர்கள் முஸ்லிம்கள். பரம்பரையாக ராஜபுத்திர வீடுகளில் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடி வருகிறவர்கள். கிருஷ்ணன் மேலும் பாடுவார்கள். கமாய்ச்சா என்ற வில் வாத்தியத்தில் தேர்ந்த ஸாகர் கானுக்கு 2012-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பரம்பரையில் வந்தவனைக் கூடாரத்து வாசலில் நிறுத்தி, போன மாதத்து சினிமாப் பாட்டைப் பாடச் சொல்லி நோட்டு நீட்டுகிறோம். அதே நோட்டை நீட்டி, "உங்கள் வீட்டுப் பாட்டு ஒன்று பாடுங்கள், ஐயா" என்று கேட்டால் அவருக்கு வருமானம் குறையுமா? மானம் கூடும்.

ஆகவே, திட்டம் போடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மே மாத விடுமுறையில், கட்டணம் குறைவு என்று மயங்கிக் குழந்தைகளை அங்கே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் இடைவழியில் உள்ள பலோதியில் 2016 மே 19-ஆம் தேதி வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வெந்நீர் வருமா என்ற கேள்விக்கு அன்றைக்குக் குழாயே பதில் சொல்லியிருக்கும். அரைப் பரீட்சை விடுமுறைதான் தக்க காலம்; கம்பளிச் சட்டை மறக்கக் கூடாது, இரவில் நடுங்க வைக்கும். கோட்டையைப் பாருங்கள், தங்குவதை அதற்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர் என்று குழந்தைகளோடு பந்தயம் போடுங்கள். அவர்கள் ஜெயித்துக் காட்டுவார்கள். கடீன் வயலைக் காட்டச் சொல்லுங்கள். வழிகாட்டி முதலில் விழிப்பான், பிறகு பெருமையோடு கூட்டிப் போவான்.

முன்பணம் கட்டுவதற்கு முன் பழைய நாலு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒன்றையும் கேளுங்கள்: "உங்கள் விடுதிக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? உபயோகித்த பிறகு எங்கே போகிறது?" இதற்கு நேராகப் பதில் சொல்கிற விடுதியில் தங்குங்கள். திரும்பி வந்ததும், அதே கேள்வியை உங்கள் வீட்டைப் பற்றிக் குழந்தைகள் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.