மச்சத்தை அகற்றலாமா?

பிள்ளைகளை மத்ரஸாவில் விட வரும் தாய்மார்கள் அவ்வப்போது என்னிடம் கேட்கும் கேள்வி இது: “ஹஜ்ரத், முகத்து மச்சத்தை எடுத்துவிட்டால் அல்லாஹ்வின் படைப்பை மாற்றிய பாவம் வந்துவிடுமா?” கேள்வியில் உள்ள இறையச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மச்சம் பிறவியிலேயே உள்ளதா, அண்மையில் தோன்றியதா, வளர்கிறதா என்று திருப்பிக் கேட்டால் பலருக்கு விடை தெரிவதில்லை. ஆலிமிடம் வருவதற்கு முன்பே தோல் மருத்துவரிடம் சென்றிருக்க வேண்டிய கேள்வி இது என்பதே என் கருத்து.

மார்க்கத்தின் நிலையை முதலில் கூறிவிடுகிறேன். இறைவனின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவதாக ஷைத்தான் சூளுரைத்ததை அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. பச்சை குத்துவோரும், அழகுக்காகப் பற்களிடையே இடைவெளி உண்டாக்குவோரும் சபிக்கப்பட்டதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் உள்ளது. ‘அழகுக்காக’ என்னும் சொல்லை அறிஞர்கள் கவனித்தே சட்டம் வகுத்தனர். ஏனெனில் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளியால் மூக்கு செய்து, அது துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும் நபி (ஸல்) அவர்களே. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்ட மார்க்கத்தில் இந்த அனுமதி! உவைஸுல் கர்னீ (ரஹ்) தமது வெண்குட்டம் நீங்க இறைவனிடம் இறைஞ்சினார்; ஒரு திர்ஹம் அளவைத் தவிர அது நீங்கியது என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். தோலில் உள்ள குறை நீங்க விரும்புவது ஈமானின் பலவீனமன்று. 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் குறையை நீக்கும் சிகிச்சையை அனுமதித்து, வெறும் தோற்ற மாற்றத்திற்கான அறுவையைத் தடுத்தது.

சவரக்கத்தி பட்டு அடிக்கடி இரத்தம் கசியும் மச்சமும், முகத்தில் பாதியை மறைக்கும் முடியடர்ந்த பிறவி மச்சமும் குறைகளே. ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள் என்பதற்காகக் கன்னத்தில் உள்ள கடுகளவு மச்சத்தை அறுப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பெண் கேட்கவில்லை. அவளுக்கு அது தொல்லையும் தரவில்லை. மஹரைக் கொடுக்க வேண்டியவர்கள், முகத்தையும் திருத்தித் தரச் சொல்கிறார்கள். பெற்றோர்களே, அத்தகைய சம்பந்தத்திற்கு மறுப்புச் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். இன்ன இடத்தில் மச்சம் இருந்தால் கணவனுக்கு ஆகாது என்ற நாட்காட்டிப் பலன்களை நம்பி எடுப்பதோ, ‘மச்சக்காரன்’ என்று பெருமைப்பட்டு விட்டுவைப்பதோ நமக்கு உரியதன்று. சகுனம் பார்ப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது.

இனி, மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டிய மச்சங்கள். ஒரு பாதி மறு பாதியை ஒத்திராதது, ஓரம் ஒழுங்கற்றது, ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்கள் கலந்தது, 6 மில்லிமீட்டரைக் கடந்தது ஆகியவை ஐயத்திற்குரியவை. எல்லாவற்றையும்விட முக்கியமானது மாற்றம்: வளர்வது, நிறம் மாறுவது, அரிப்பது, கசிவது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நம் போன்ற கருநிறத்தவரிடம் அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற, யாரும் உற்றுப் பார்க்காத இடங்களில் வருகிறது, தாமதமாகவே கண்டறியப்படுகிறது. அன்றாடம் வுளூவில் கால்விரல்களைக் கோதிக் கழுவும் நாம், வாரத்திற்கு ஒருமுறையேனும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கலாமே! மறைக்க வேண்டிய உறுப்பில் மச்சம் உள்ளது என்று வெட்கப்பட்டுப் பெண்கள் மறைத்துவைப்பது பேணுதல் ஆகாது. பெண் மருத்துவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டவும் ஷரீஅத் அனுமதிக்கிறது.

அகற்றும் முறையில்தான் நம் வீடுகளில் பெரும் அலட்சியம். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, குதிரை முடியால் இறுகக் கட்டுவது, பார்லரில் சுட்டெடுப்பது எனப் பலவும் நடக்கின்றன. புண், சீழ், தழும்பு ஒருபுறம் இருக்கட்டும். சுட்டுப் பொசுக்கிய சதையில் புற்று இருந்ததா என்று எவரும் ஆராய முடியாது. ஐயமுள்ள மச்சத்தை லேசரால் அழிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. அத்தகைய மச்சத்தை மரத்துப்போகும் ஊசியிட்டு முழுமையாக வெட்டியெடுத்து, பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்புவதே முறை. மார்பு, தோள் பகுதிகளில் சிலருக்குத் தழும்பு தடித்து வளரும்; முன்னர் பட்ட காயம் அப்படித் தடித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முகத்தில் போட்ட தையலைப் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் பிரிப்பார்கள். அதுவரை தொழுகையை விட வேண்டியதில்லை. ஹனஃபி மத்ஹபில் கட்டின் மீது ஈரக்கையால் தடவினால் போதும். தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டாம். ஆனால் காயத்திலிருந்து இரத்தம் வழிந்தால் வுளூ முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் அதனால் முறியாது. எனினும் நலமான பகுதியைக் கழுவி, கட்டின் மீது தடவுவதுடன் தயம்மும் செய்ய வேண்டும். கட்டு முகத்திலோ கைகளிலோ இருந்தால், ஆறிய பின் அத்தொழுகைகளைத் திரும்பத் தொழ வேண்டும். ஆகவே கட்டு எத்தனை நாள் இருக்கும், எப்போது தண்ணீர் படலாம் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

வல்லாஹு அஃலம்.