மணமூட்டிய நஞ்சும் ஈளை நோயரும்

வெண்சுருட்டுக்கு மாற்று என்னும் பெயரால் ‘வேப்’ என்றொரு மின்கருவி தமிழிளைஞர் கைகளிற் புகுந்துள்ளது. நெருப்பில்லை, சாம்பலில்லை, மாம்பழமும் புதினாவும் மணக்கின்றன. ஆகவே தீங்கில்லை என்பர். அயற்பெயரின் பளபளப்பு உள்ளிருப்பதை மறைக்கின்றது. ‘மின்சுருட்டு’ எனத் தமிழிற் சொன்ன அளவிலேயே அது சுருட்டின் உடன்பிறப்பென்பது விளங்கும்.

சேலம், நாமக்கல் நிலத்தார் இதனைத் தனியே எண்ணுதல் வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளிற் பஞ்சுத்தூள். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் இறகுத்தூள். திருச்செங்கோட்டு ஆழ்துளை ஊர்திகளில் உழைப்பார்க்குப் பாறைத்தூள். பிழைப்பின்பொருட்டு இவற்றை விலக்கவியலாதார் பலர். ஈளை நோயரின் மூச்சுக்குழலோ சிறு தூண்டலுக்கும் வீங்கிச் சுருங்குவது. அதன்மேல் விலைகொடுத்து வேறோர் ஆவியையும் ஏற்றல் அறிவுடைமையாகுமா?

உண்ணும் மணமூட்டிதானே என்பர் வணிகர். வயிறு செரிக்கும், நுரையீரல் செரிக்காது. வெண்ணெய் மணந்தரும் டையசெட்டைல் உணவிற் சேர்க்கப்படுவதே. ஆயினும் அமெரிக்க மிசௌரி மாநிலச் சோளப்பொரி ஆலையொன்றில் மணமூட்டியின் ஆவியை மூச்சில் ஏற்ற தொழிலாளர் எண்மர், மீளா நுரையீரற் குழலடைப்புக்கு ஆளானமை 2000-இல் வெளிப்பட்டது. 2015-இல் ஆர்வர்டு ஆய்வாளர் ஆய்ந்த 51 மணவகைகளுள் 39-இல் டையசெட்டைல் இருந்தது. இலவங்கப்பட்டை மணத்துக்குரிய சின்னமால்டிகைடு, கோழையை வெளித்தள்ளும் நுண்மயிர்களைத் தளர்த்துதலை ஆய்வுக்கூட ஆய்வுகள் காட்டியுள்ளன. கோழை கட்டித் துன்புறும் ஈளை நோயர்க்கு இதனினும் தீயது எது?

ஆலைத் தொழிலாளர் ஏற்ற அளவும் மின்சுருட்டின் அளவும் ஒன்றல்ல. எரியும் வெண்சுருட்டினும் இதிற் சில நஞ்சுகள் குறைவென்பதும் மெய்யே. ஆயினும் குறைந்த நஞ்சு மருந்தாகிவிடாது. நலமுடையார் தாங்கும் அளவை நோயுற்ற நுரையீரலும் தாங்குமென எவரும் உறுதி கூறவில்லை.

தமிழக அரசு 2018-இலும் இந்திய அரசு 2019-இலும் (தி.பி. 2050) இதன் விற்பனையைத் தடுத்தன. வெண்சுருட்டைக் கடைதோறும் விற்கவிட்டு மின்சுருட்டை மட்டும் தடுத்தது அரைகுறை அறமே. தடையை மீறிக் களவாய் வரும் பொருளில் எது கலந்துளதென உசாவுவாரும் இலர். 2019-இல் அமெரிக்காவிற் பரவிய ஆவிச்சுருட்டு நுரையீரற் கேட்டினால், 2020 பிப்ரவரி வரை 68 பேர் மாண்டனர். பெரும்பாலும் களவுவழிக் கஞ்சா நீர்மங்களிற் கலந்த வைட்டமின் இ அசிட்டேட்டே அதற்கு முதன்மைக் கரணியமெனக் கண்டனர். அதுவும் விழுங்கினால் தீங்கற்றதே!

ஆதலின் ஈளையுடைய தமிழிளைஞர் வெண்சுருட்டினின்று மின்சுருட்டுக்குத் தாவுதல் வழியன்று. இரண்டையும் விடுத்து, மருத்துவர் துணையுடன் புகைப்பழக்கத்தினின்று மீளுதலே வழி. மூச்சிரைத்து வீழ்ந்த இளைஞரால் வீட்டையும் காக்கவியலாது, மொழியையும் காக்கவியலாது.